தலைக்கவசத்தின் உள்ளே இருந்த முகம்

விஞ்ஞானக் கதையும் நிறபேதமும் – 6

சென்ற இதழில் இரண்டு படைப்புகளைப் பார்த்தோம். ஒன்று, 1920-இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் வெளியிட்ட ‘டார்க்வாட்டர்’ தொகுப்பில் உள்ள ‘வால்நட்சத்திரம்’ என்ற சிறுகதை. மற்றொன்று, 1931-இல் ஜார்ஜ் ஸ்கைலர் எழுதிய ‘பிளாக் நோ மோர்’ என்ற நாவல். முன்னதில், வானிலிருந்து இறங்கிய விஷவாயு நியூயார்க் நகரத்தையே மயானமாக்கிவிட, உலகில் எஞ்சியவர்கள் தாங்கள் இருவர் மட்டுமே என்று எண்ணிக்கொண்ட ஒரு கறுப்பின வங்கி ஊழியனும் செல்வக் குடும்பத்து வெள்ளைப் பெண்ணும் சில மணி நேரம் வெறும் மனிதர்களாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நகரத்துக்கு அப்பால் உலகம் பிழைத்திருக்கிறது என்ற செய்தி வந்ததும் பழைய வேலி பழைய இடத்திலேயே எழுந்துவிடுகிறது. பின்னதில், கறுப்புத் தோலை வெண்மையாக்கும் சிகிச்சை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, ஒரு தேசத்தின் கறுப்பர்கள் அனைவரும் வெள்ளையராகிவிட, அந்தத் தேசம் வேற்றுமைக்கு வேறொரு காரணத்தைத் தேடி அலைகிறது. வேலி தோலில் இல்லை, வேலி வேண்டும் என்று விரும்புகிற மனத்தில்தான் இருக்கிறது என்பதை இவ்விருவரும் அவ்வளவு ஆரம்ப காலத்திலேயே கண்டு சொல்லிவிட்டார்கள். ஆயினும் இவ்விருவருமே விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளின் உலகத்துக்கு வெளியே நின்று எழுதியவர்கள் என்பதையும், அந்த உலகத்தின் வாசகர்களுக்கு இவ்விருவரின் பெயரும் பல ஆண்டுகள் எட்டாமலே இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

அந்தப் பத்திரிகை உலகத்துக்குள்தான் இப்போது நாம் பிரவேசிக்க வேண்டும்.

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கியதிலிருந்து, விஞ்ஞானக் கதைக்கென்று தனி வாசகர் கூட்டமும் தனிச் சம்பிரதாயமும் அமெரிக்காவில் உருவாயின. அடுத்த கால் நூற்றாண்டில் அந்த இதழ்களில் வெளிவந்த கதைகளில் மனிதன் சந்திரனை அடைந்தான், செவ்வாயில் குடியேறினான், நட்சத்திரங்களுக்கிடையே சாம்ராஜ்யங்களை நிறுவினான்; ஆனால் அந்த மனிதனின் முகம் பெரும்பாலும் ஒரே நிறமாகவே இருந்தது. எதிர்காலத்தில் நிறபேதம் இருக்காது என்று அக்கதைகள் சொல்லாமல் சொல்லின என்று சிலர் வாதிப்பதுண்டு. அந்த வாதம் எனக்கு ஒருபோதும் திருப்தி அளித்ததில்லை. பேதத்தால் துன்புற்றவர்களையே எதிர்காலத்திலிருந்து நீக்கிவிட்டு, பேதம் நீங்கிவிட்டது என்று சொல்வது நியாயத்தின் வெற்றி ஆகாது. அது நியாயம் கேட்டு வந்தவனை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, வழக்குகளே இல்லை என்று பதிவு செய்வதற்குச் சமம்.

இந்தக் காலத்தின் மிகச் செல்வாக்குள்ள பத்திராதிபர் ஜான் டபிள்யூ. காம்ப்பெல். 1937-ஆம் ஆண்டின் இறுதியில் ‘அஸ்டவுண்டிங்’ இதழின் பொறுப்பை ஏற்ற அவர், 1971-இல் மரணமடையும் வரை அந்த ஆசனத்தை விட்டிறங்கவில்லை. ஐசக் அஸிமாவ், ராபர்ட் ஹைன்லைன் போன்றோரை வளர்த்து ஆளாக்கியவர் அவர் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அதே காம்ப்பெல், பிரபஞ்சத்தில் எந்த ஜீவராசி எதிர்ப்பட்டாலும் மனித இனமே அதைவிட உயர்ந்ததாகக் கதையில் விளங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவராகவும் இருந்தார். 1940-இல் அஸிமாவ் எழுதிய ‘ஹோமோ சோல்’ என்ற கதையில் இந்த வற்புறுத்தல் நிகழ்ந்தது. ரஷ்யாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயார்க் வந்து சேர்ந்த இளைஞர் அஸிமாவ். ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. வேற்றுக்கிரகவாசிகளைவிட மனிதன் மேம்பட்டவன் என்று காம்ப்பெல் பேசியபோது, மற்ற மானிடரைவிட வடமேற்கு ஐரோப்பியர் மேம்பட்டவர் என்ற நம்பிக்கையின் நிழல் அதில் படிந்திருப்பதை அஸிமாவ் உணர்ந்தார். எதிர்த்து வாதாடுவதற்குப் பதில் அவர் வேறொரு வழியைக் கைக்கொண்டார்: வேற்றுக்கிரகவாசிகளே இல்லாத, மனிதர்கள் மட்டும் நிறைந்த ஒரு பால்வீதியைப் படைத்துக்கொண்டார். புகழ்பெற்ற ‘ஃபவுண்டேஷன்’ வரிசைக் கதைகளில் மனிதரல்லாதார் தலைகாட்டாததன் காரணம் இதுவே என்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். உயர்வு தாழ்வு பேச மறுத்த ஒரு நல்ல மனம், பேசுவதற்கு இடமே இல்லாதபடி உலகத்தை அமைத்துக்கொண்டு தப்பித்தது. தப்பித்தல்தான், எதிர்த்து நிற்றல் என்று அதை அழைக்க இயலாது.

ஹைன்லைனுக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. ஆசியர்களை மட்டும் தேடிக் கொல்லும்படி அமைக்கக்கூடிய கதிர் ஒன்றைக் கொண்டு, அமெரிக்காவை ஆக்கிரமித்த ஆசியப் படைகளை முறியடிக்கும் கதை ஒன்றைக் காம்ப்பெல் முன்பே எழுதி வைத்திருந்தார். அதன் கருவை ஹைன்லைனிடம் ஒப்படைத்து எழுதச் சொன்னார். 1941-இல் ‘சிக்ஸ்த் காலம்’ என்ற பெயரில் அது தொடராக வெளிவந்தது. மூலக்கருவிலிருந்த இனத்துவேஷத்தைக் குறைக்கத் தாம் முயன்றதாகவும், அந்த நூலைத் தம்முடைய வெற்றியாகத் தாம் கருதவில்லை என்றும் ஹைன்லைன் பின்னாளில் கூறினார். மனிதரின் உடற்கூற்றில் இனத்துக்கு இனம் கதிர்கள் பிரித்தறியக்கூடிய பேதம் உண்டு என்பது விஞ்ஞானமன்று. ஆனால் அது விஞ்ஞானத்தின் உடையை அணிந்து வந்ததால், அந்த இதழின் வாசகர்களிடம் சுலபமாக விலைபோயிற்று. இந்த இலக்கிய வகையின் பலமும் அபாயமும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய சூழ்நிலையில், யுத்தம் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், ரே பிராட்பரி எழுதிய இரண்டு கதைகள் வேறு காற்றைக் கொண்டுவந்தன. 1950-இல் வெளிவந்த ‘மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’ நூலில் உள்ள ஒரு கதையில், அமெரிக்கத் தென்பகுதியின் கறுப்பர்கள் தாங்களே ஈட்டிக் கட்டிய ராக்கெட்டுகளில் ஏறிச் செவ்வாய்க்குப் புறப்பட்டுவிடுகிறார்கள்; கடை வாசலில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் சாமுவேல் டீஸ் என்ற வெள்ளை வியாபாரி, தன் கடனையும் ஒப்பந்தத்தையும் அதிகாரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டித் தடுக்க முயன்று தோற்கிறான். போகிற போக்கில் ஒரு சிறுவன் அவனிடம், இனி இரவுகளை எப்படிக் கழிக்கப் போகிறார் என்று கேட்டுவிட்டுப் போகிறான். அந்த இரவுகளில் டீஸும் அவன் நண்பர்களும் யார் யாரைத் தேடிச் சென்றார்கள், எந்த மரங்களில் எந்த உடல்கள் தொங்கின என்பது அமெரிக்க வாசகர் ஒவ்வொருவருக்கும் விளங்கும். அடுத்த ஆண்டு எழுதிய ‘தி அதர் ஃபுட்’ கதையில், செவ்வாயில் குடியேறி இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட கறுப்பர்களிடம், அணுயுத்தத்தால் சாம்பலாகிவிட்ட பூமியிலிருந்து ஒரு வெள்ளைக் கிழவர் அடைக்கலம் கேட்டு வருகிறார். பழிவாங்கக் கயிற்றோடு காத்திருந்த வில்லி ஜான்சன், தன் தந்தையைத் தூக்கிலிட்ட அந்த ஊரும் அந்த மரமும்கூட எரிந்து போய்விட்டன என்று கேட்டறிந்து மனம் மாறுகிறான். கருணையில் முடியும் கதை. எனினும் மன்னிக்க வேண்டிய பாரத்தை அடிபட்டவன் தோளிலேயே ஏற்றிவைக்கும் கதை என்ற குறை அதற்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இனி இந்த அத்தியாயத்தின் நடுநாயகமான சம்பவத்துக்கு வருவோம். அது நிகழ்ந்த இடம், கௌரவமான புத்தகங்களின் உலகமன்று. பத்து சென்ட் விலைக்குப் பெட்டிக்கடைகளில் விற்ற சித்திரக்கதை இதழ்களின் உலகம்.

நியூயார்க்கில் ‘ஈ.ஸி.’ என்ற பெயரில் சித்திரக்கதைகளைப் பிரசுரித்து வந்த நிறுவனம், அதை ஸ்தாபித்த மாக்ஸ் கெயின்ஸ் 1947-இல் ஒரு படகு விபத்தில் இறந்துபோனதும், அவருடைய மகன் வில்லியம் கெயின்ஸின் கைக்கு வந்தது. ஆசிரியரும் எழுத்தாளருமான ஆல் ஃபெல்ட்ஸ்டைனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட திகில் கதைகள் அமோகமாக விற்றன. அந்த வருமானத்தைக் கொண்டு, அவ்வளவாக விற்காத, ஆனால் தாங்கள் மிகவும் நேசித்த விஞ்ஞானக் கதை இதழ்களை அவர்கள் நடத்தி வந்தார்கள். அவற்றுள் ஒன்றான ‘வியர்ட் ஃபான்டஸி’யின் 18-ஆம் இதழில், 1953-இல், ‘தீர்ப்பு நாள்’ என்ற பொருள்பட்ட தலைப்புடன் ஒரு சிறு கதை வந்தது. எழுதியவர் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ.

கதை இது. வெகு தூர எதிர்காலத்தில், பூமியும் பல உலகங்களும் சேர்ந்த ஒரு மாபெரும் குடியரசு நிலவுகிறது. யந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஸைப்ரீனியா என்ற கிரகம் அந்தக் குடியரசில் சேர்வதற்குத் தகுதி பெற்றுவிட்டதா என்று பரிசோதிக்க, டார்ல்டன் என்ற பிரதிநிதி பூமியிலிருந்து வந்திறங்குகிறார். முகத்தை முழுவதும் மறைக்கும் தலைக்கவசத்தோடுதான் கதை நெடுகிலும் அவரைக் காண்கிறோம். ஆரஞ்சு நிற யந்திரங்கள் அவரை உபசரித்து, தங்கள் நகரத்தையும் சட்டசபையையும் தொழிற்சாலையையும் பெருமையோடு காட்டுகின்றன. தொழிற்சாலையில் ஆரஞ்சு யந்திரங்கள் உருவாவதைப் பார்த்த டார்ல்டன், நீல நிற யந்திரங்கள் எங்கே உருவாகின்றன என்று கேட்கிறார். வழிகாட்டி தயங்குகிறது. நீல நிறத்தாரின் பகுதி நகரத்தின் மற்றொரு புறத்தில் இருக்கிறது. அங்கே போகும் வாகனத்தில் அவர்கள் பின்புறத்தில்தான் நிற்க வேண்டும். அவர்களுக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் நிலையங்களும் தனியே. அங்குள்ள தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தால், அதே உறுப்புகள், அதே கம்பிகள், அதே மூளை. கடைசியில் போர்த்தும் உலோகத் தகட்டின் நிறத்தில்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு அவரவர் மூளையில் ஏற்றப்படும் போதனையோ அந்த நிறத்துக்கேற்ப வேறாகிவிடுகிறது.

இந்தப் போதனை என்ற ஒரு விவரத்தில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்பேன். நீல யந்திரம் தாழ்ந்த வேலைக்கே உரியது என்பதற்கு, அது தாழ்ந்த வேலையையே செய்துவருவது சான்றாகக் காட்டப்படுகிறது. தாழ்ந்த வேலைக்கென்றே அதைத் தயாரித்தவர்கள் யார் என்ற கேள்வி எழுவதேயில்லை. கதை வெளிவந்த ஆண்டில் அமெரிக்காவின் பதினேழு மாநிலங்களில் கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வேண்டும் என்பது சட்டம். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் விசாரணையில் இருந்தது. தீர்ப்பு வெளியானது 1954 மே 17 அன்றுதான். உயர்ந்த நீதிபதிகள் ஆராய்ந்துகொண்டிருந்த அதே கேள்வியை, ஒரு சித்திரக்கதை, பள்ளிச் சிறுவனும் புரிந்துகொள்ளும்படி ஒரு தொழிற்சாலையின் இரண்டு வரிசைகளாக அவன் கண்முன் நிறுத்திவிட்டது.

ஸைப்ரீனியா இன்னும் தகுதி பெறவில்லை என்று டார்ல்டன் தீர்ப்பளிக்கிறார். வழிகாட்டியாக வந்த ஆரஞ்சு யந்திரம், தான் ஒருவன் என்ன செய்ய முடியும் என்று கேட்டு வருந்துகிறது. பூமியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, மனிதர்கள் ஒன்றாக வாழக் கற்றுக்கொண்ட பிறகே நட்சத்திரங்களின் வழி திறந்தது, உங்களுக்கும் நம்பிக்கை உண்டு என்று ஆறுதல் கூறிவிட்டு அவர் தம் விண்கலத்துக்குத் திரும்புகிறார். கலம் கிளம்புகிறது. கடைசிக் கட்டத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர்; அவருடைய கரிய முகத்தில் வியர்வைத் துளிகள் கலத்தின் விளக்கொளியில் மின்னுகின்றன.

கதையின் நீதி யந்திரங்களைப் பார்த்தபோதே வாசகனுக்கு விளங்கிவிட்டது. ஆரஞ்சு யந்திரங்களைக் கண்டிக்க அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கவசத்துக்குள் இருந்த அந்த முகத்துக்கு, ஏழு பக்கங்களாகத் தன்னையறியாமலே அவன் ஒரு நிறத்தைத் தீட்டி வைத்திருந்தான் என்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அவனுக்குத் தெரியவருகிறது. நீதிபதி என்றால், தூதர் என்றால், நாகரிகத்தின் பிரதிநிதி என்றால் அவர் வெள்ளையராகத்தான் இருப்பார் என்று அவன் மனத்தில் ஏற்றப்பட்டிருந்த போதனை, நீல யந்திரத்தின் மூளையில் ஏற்றப்பட்ட போதனைக்குச் சிறிதும் வேறுபட்டதன்று. பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன், தானும் அதே கூண்டில் நிற்பதைக் காண்கிறான். பத்திரிகைகள் பால்வீதியிலிருந்தே விரட்டிவிட்ட கறுப்பு முகத்தை, பால்வீதியின் நீதியாசனத்திலேயே இந்தக் கதை அமர்த்தியது.

இதற்குப் பிறகு நடந்தது கதையைவிட அதிகம் பேசத்தக்கது.

1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம், சித்திரக்கதைகளே சிறுவரைக் கெடுக்கின்றன என்று வாதிடும் நூலொன்றை வெளியிட்டார். செனட் சபையின் துணைக்குழு ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. ஏப்ரல் 21 அன்று கெயின்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். அவருடைய குற்றக்கதை இதழ் ஒன்றின் கொடூரமான அட்டைப்படத்தைக் காட்டிக் கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள் அவருக்கே பாதகமாக முடிந்தன. பயந்துபோன பிரசுரகர்த்தர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் அச்சுக்கு முன்பே பரிசீலிக்கும் ஒழுங்கு விதிகளை அந்த ஆண்டு அக்டோபரில் ஏற்படுத்திக்கொண்டார்கள். நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர், நியூயார்க்கில் மாஜிஸ்திரேட்டாக இருந்த சார்லஸ் மர்ஃபி. தலைப்பில் திகில், பயங்கரம் என்ற சொற்களே வரலாகாது என்று விதித்ததால் கெயின்ஸின் வியாபாரம் பெரும்பகுதி ஒரே அடியில் சாய்ந்தது. முதலில் அவர் சங்கத்தில் சேர மறுத்தார். அதன் முத்திரை இல்லாத இதழ்களை விற்பனையாளர்கள் கட்டைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பவே, வேறு வழியின்றி அவரும் பணிய வேண்டியதாயிற்று.

எஞ்சியிருந்த ஒரே விஞ்ஞானக் கதை இதழின் 33-ஆவது வெளியீட்டுக்கு, 1956 ஜனவரி–பிப்ரவரி எனத் தேதியிட்ட இதழ் அது, தயாராக இருந்த கதை ஒன்றைச் சங்கம் நிராகரித்துவிட்டது. அந்த இடத்தை நிரப்ப, மூன்றாண்டுகளுக்கு முன் வந்த ‘தீர்ப்பு நாள்’ கதையை ஃபெல்ட்ஸ்டைன் எடுத்துக் கொடுத்தார். அதில் ரத்தமில்லை, கொலையில்லை, ஆபாசமில்லை. மர்ஃபியோ, அந்த விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அவர் கறுப்பராக இருப்பதுதான் கதையே என்று ஃபெல்ட்ஸ்டைன் வாதாடினார், பலிக்கவில்லை. தகவல் கெயின்ஸுக்கு எட்டியது. இந்த நிராகரிப்பின் காரணத்தைப் பத்திரிகைகளுக்கும் பொதுஜனங்களுக்கும் பகிரங்கமாக வெளியிடுவேன் என்று அவர் தொலைபேசியில் எச்சரித்தார். மர்ஃபி சற்றுப் பின்வாங்கினார்: வீரர் கறுப்பராக இருக்கலாம், ஆனால் முகத்திலுள்ள வியர்வைத் துளிகளை நீக்கிவிட வேண்டும். அதற்கும் இணங்க மறுத்து, கோபாவேசத்தோடு தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு புள்ளியும் மாற்றாமல் கதையை அச்சேற்றினார் கெயின்ஸ். இவ்வளவும் பின்னாளில் கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் சொன்ன விவரம்.

அந்த ஒழுங்கு விதிகளில், எந்த இனத்தையும் மதத்தையும் இழிவுபடுத்தவோ தாக்கவோ எக்காலத்திலும் அனுமதி இல்லை என்று ஒரு விதியும் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. இனத்துவேஷத்தைத் தடுக்க எழுதிய சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு கறுப்பர் கௌரவமாக நிற்பதைத் தடுக்க ஒரு அதிகாரியால் முடிந்தது. கறுப்பரை இகழக் கூடாது என்பதை ஏற்கும் மனம், அவர் நீதிபதியாக வீற்றிருப்பதை ஏற்காமல் போகலாம். இகழாமை என்பது சமத்துவத்தின் வாசற்படிகூட ஆகாது. அந்தக் குளிர்காலத்தில்தான் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரத்தில், பேருந்தின் பின் இருக்கைகளுக்குத் தள்ளப்பட்ட கறுப்பின மக்கள், 1955 டிசம்பர் 5 முதல் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். நீல யந்திரங்கள் வாகனத்தின் பின்புறத்தில் நிற்கும் படத்தை அந்த நாட்களில் கடையில் வாங்கிப் பார்த்த சிறுவனுக்கு, அது எந்தக் கிரகத்தின் செய்தி என்று யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

இந்தக் கதையை அளவுக்கு மீறி உயர்த்தவும் எனக்கு விருப்பமில்லை. யந்திரங்களுக்குப் பூர்விகம் கிடையாது. அவற்றின் மூதாதையர் கப்பலில் விலங்கிட்டுக் கொண்டுவரப்படவில்லை. யாருடைய பருத்தி வயலிலும் யாருடைய தலைமுறையும் தேய்ந்துபோகவில்லை. தகட்டின் நிறம்தான் வித்தியாசம் என்று நிறுவுவது எளிது. இருநூற்றைம்பது ஆண்டு அடிமைத்தனம் ஒருவனிடமிருந்து எடுத்துச் சென்றதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற கேள்வியை அந்த ஏழு பக்கங்கள் தொடவில்லை. டார்ல்டனுக்கும் தலைக்கவசத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இல்லை. அவருடைய தாய் யார், ஊர் எது, அவர் எதற்குச் சிரிப்பார் என்று நமக்குத் தெரியாது. அவர் ஒரு வாதத்தின் முடிவாக வருகிறார், ஒரு மனிதராக அல்ல. கதையை ஆக்கியவர்களும் வெள்ளையர்களே. அவர்கள் தங்களைப் போன்ற வாசகர்களின் மனச்சாட்சியை நோக்கியே எழுதினார்கள். ஒரு கறுப்பர் தாமே பேனாவை எடுத்து, தம்மவரை விண்வெளியில் வைத்து, அவர்களுக்குக் காதலும் கோபமும் ஞாபகமும் அளித்து எழுதும் காலம் இனித்தான் வரவேண்டியிருந்தது. இவ்வளவு குறைகளையும் எண்ணிப் பார்த்த பிறகும் என் முடிவு இதுதான்: எதிர்காலத்தில் பேதமில்லை என்று வாயால் சொன்ன நூறு கதைகளைவிட, எதிர்காலத்தில் அந்த முகத்தைக் கண்ணுக்குக் காட்டி, அதை அழிக்கச் சொன்னபோது மறுத்த இந்த ஒரு கதை விஞ்ஞானக் கதைக்குச் செய்த தொண்டு பெரிது.

‘தீர்ப்பு நாள்’ மறுபிரசுரமான அந்த இதழே ஈ.ஸி. நிறுவனம் வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை இதழாயிற்று. அதன் பிறகு கெயின்ஸ், சங்கத்தின் அதிகாரத்துக்கு உட்படாத ‘மாட்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையை மட்டுமே நடத்தினார். காம்ப்பெல் தம் ஆசனத்திலேயே இருந்தார். 1967-இல், இருபத்தைந்து வயது நிரம்பிய கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நாவலைத் தொடராக வெளியிடும்படி அவரிடம் அனுப்பினார்கள். கதாநாயகன் கறுப்பனாக இருந்தால் தம் வாசகர்கள் ஒன்றமாட்டார்கள் என்று கூறி அவர் அதை மறுத்துவிட்டார். எழுத்தாளர் சாமுவேல் டிலேனி, நாவல் ‘நோவா’. அடுத்த இதழில் அவரைப் பற்றிப் பேசுவோம்.